பத்தொம்பது லட்சம்தானா?

போன வாரம் ஒரு ரிவ்யூ மீட்டிங். எந்த ஊரு, எந்த ஆபீஸுங்கிறதெல்லாம் வேண்டாம், விடுங்க.

ஒரு கார் மாடலைச் சுத்தி காத்து எப்படிப் போகுதுன்னு மூணு வாரமா ஓட்டின சிமுலேஷனைத் திரையில காட்டிட்டு இருந்தேன். நீலம், பச்சை, சிவப்புன்னு கலர் கலரா. பின் வரிசையில இருந்த ஒரு பெரியவர் (பதவியில பெரியவர், வயசுல என்னைவிட ரெண்டு கம்மி) கையைத் தூக்கினார்.

"மெஷ் எத்தனை மில்லியன்?"

"1.9 மில்லியன் சார். பத்தொம்பது லட்சம் செல்."

"அவ்ளோதானா?"

அதோட சரி. அந்தப் பத்தொம்பது லட்சத்தை எங்க வெச்சேன், ஏன் அங்க வெச்சேன், வேற மெஷ்ல ஓட்டிப் பாத்தேனா, ஒரு கேள்வி கிடையாது. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை விசாரிக்காம, "எத்தனை பவுன் போடுவீங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு காபி டம்ளரைக் கீழ வெக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் ஆறல. அதான் இந்தப் பதிவு.

இந்தத் துறையில இல்லாதவங்களுக்காக ரெண்டு வரி. காத்தோட ஓட்டத்துக்குச் சமன்பாடு இருக்கு. நேவியர், ஸ்டோக்ஸ்னு ரெண்டு பேரோட பேரு அதுக்கு. 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனா கார் மாதிரி ஒரு உருவத்துக்கு அதைப் பேப்பர்ல போட்டுத் தீர்க்க முடியாது. அதனால காரைச் சுத்தி இருக்கிற காத்தைக் குட்டிக் குட்டி டப்பாவா வெட்டிடுவோம். ஒவ்வொரு டப்பாவும் ஒரு செல். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேகம், ஒரு அழுத்தம். பக்கத்துச் செல்லோட கொடுக்கல் வாங்கல் கணக்கு. மொத்த டப்பாவும் சேர்ந்ததுதான் மெஷ்.

இதுல ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க. ஒரு செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சராசரி மட்டும்தான் தெரியும். 10 செ.மீ. செல்லுக்குள்ள 3 செ.மீ. அகலத்துல ஒரு சுழல் சுத்திட்டு இருந்தா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுதான் கணக்கு எழுதும்.

அப்போ எல்லாச் செல்லையும் பொடிசா வெட்டிட வேண்டியதுதானே?

இங்கதான் வலை.

கரைவலை இழுக்கிறதைப் பாத்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் கை மாதிரி நீண்டு கிடக்கிற பகுதியில கண்ணி பெருசு பெருசா இருக்கும். நடுவுல மீன் வந்து சேர்ற மடிக்குக் கிட்ட வர வர கண்ணி சின்னதாயிட்டே வரும். மடியில ரொம்பப் பொடி. மொத்த வலையையும் பொடிக் கண்ணியாப் பின்னினா நூல் செலவு ஒரு பக்கம். அந்தக் கனத்தைத் தண்ணியிலருந்து இழுக்க ஊரே வந்து நின்னாலும் பத்தாது.

எங்க மீன் வருமோ அங்க கண்ணியைச் சின்னதாக்கு. லோக்கல் மெஷ் ரிஃபைன்மெண்ட்னு நாங்க பெரிய பேரு வெச்சுச் சொல்றது இதைத்தான்.

சரி, என் காருக்கு வரேன். அது உண்மையில காரே இல்ல. பேரு அஹ்மத் பாடி. 1984-ல அஹ்மத், ராம், ஃபால்டின்னு மூணு பேர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல வர்ற மாடல். பாக்க ஒரு பெரிய சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். 1044 மி.மீ. நீளம், 389 மி.மீ. அகலம், 288 மி.மீ. உயரம். மூக்குப் பக்கம் உருட்டி விட்டிருக்கும். சக்கரத்துக்குப் பதிலா நாலு குச்சிக் கால், தரையிலருந்து 50 மி.மீ. மேல நிக்கும். பின்னாடி மேல்பக்கம் மட்டும் சீவி விட்ட மாதிரி 222 மி.மீ. நீளத்துக்கு ஒரு சரிவு. ஹேட்ச்பேக் காரோட பின்கண்ணாடி சாஞ்சிருக்குமே, அது மாதிரி.

விஷயமே அந்தச் சரிவுதான். அதோட கோணத்தை மாத்த மாத்த, காரைப் பின்னாடி பிடிச்சு இழுக்கிற விசை (டிராக்) மாறும். சின்னக் கோணத்துல முதல்ல கொஞ்சம் இறங்கும். அப்புறம் கோணம் கூடக் கூட டிராக்கும் ஏறும். 30 டிகிரிகிட்ட உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டின உடனே தடால்னு விழுந்துடும். 30 வரைக்கும் சரிவோட ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு முறுக்குச் சுழல் உருவாகி, காத்தைச் சரிவோட ஒட்ட வைக்கும். அதுக்கு மேல போனா காத்து மொத்தமா விட்டுப் பிரிஞ்சிடும். ஒரு சோப்புக்கட்டிக்குள்ள இவ்வளவு நாடகம். நாப்பது வருஷமா எங்க ஆளுங்க சாஃப்ட்வேரைச் சோதிக்க இதையே கட்டிட்டு அழுறதுக்கு அதான் காரணம்.

நான் எடுத்தது 25 டிகிரி. (ஏன் எடுத்தேன்னு கடைசியில நொந்துக்கிட்டேன். அது பின்னாடி.)

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல்தான்.

காரைச் சுத்தி காத்துக்கு ஒரு பெட்டி வேணும். 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். இதை 10 செ.மீ. செல்லா வெட்டினா 100 × 20 × 15. மொத்தம் 30,000 செல். என் பழைய லேப்டாப் கொட்டாவி விட்டுக்கிட்டே முடிச்சிடும்.

ஓப்பன்ஃபோம்ல (காசு குடுக்காம கிடைக்கிற சாஃப்ட்வேர், நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் புண்ணியம்) ஒரு லெவல் ரிஃபைன் பண்ணுன்னு சொன்னா, செல்லோட ஒவ்வொரு பக்கத்தையும் பாதியா வெட்டும். நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு, உயரத்துல ரெண்டு. ஒரு செல் எட்டாகும். நாலு லெவல் போனா 10 செ.மீ. செல் 6.25 மி.மீ. ஆகும். சுழலைப் பிடிக்க அந்த அளவாவது வேணும்.

பெட்டி முழுக்க நாலு லெவல் வெட்டினா? 30,000-ஐ எட்டால நாலு தடவை பெருக்குங்க.

12 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம்.

பத்து லட்சம் செல்லுக்கு ஒரு ஜிபி மெமரிங்கிறது எங்க கைக்கணக்கு. என் லேப்டாப்ல இருக்கிறது 16 ஜிபி. இந்த மெஷ்ஷை ஏத்தினா அது ஓடாது, ஊதிட்டுப் படுத்துடும். அப்படியே ஓடினாலும், அதுல பெரும்பாலான செல்லு காருக்கு மூணு மீட்டர் முன்னாடி, நாலு மீட்டர் பின்னாடி, ஒண்ணுமே நடக்காத காத்துல உக்காந்து, "வேகம் அதே, அழுத்தம் அதே"ன்னு ஒரே பதிலை ராத்திரி பூரா ஒப்பிச்சுட்டு இருக்கும். சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற ஆளுங்க.

அதனால இடம் பாத்து வெட்டணும். அங்க நான் பண்ண கூத்தை இப்போ வரிசையாச் சொல்றேன். சிரிச்சுக்கங்க.

முதல் கூத்து. காரோட வடிவத்தை எஸ்டிஎல் ஃபைலா எடுத்தேன். அது மில்லிமீட்டர்ல இருந்துச்சு. ஓப்பன்ஃபோம் மீட்டர்னு எடுத்துக்கிச்சு. கார் நீளம் 1044 மீட்டர். கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சோப்புக்கட்டி. 10 மீட்டர் பெட்டி அதுக்குள்ள எங்கியோ தொலைஞ்சு போச்சு. மெஷ் ஏன் வெறும் டப்பாவா வருதுன்னு ஒரு சாயங்காலம் முழுக்க முழிச்சேன்.

ரெண்டாவது கூத்து. காத்து எந்தப் பக்கம்னு புரிய வைக்க ஒரு புள்ளி குடுக்கணும். அந்தப் புள்ளி இருக்கிற பக்கத்தை வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டி எறிஞ்சிடும். நான் குடுத்த புள்ளி காருக்குள்ள விழுந்துடுச்சு. வெளியில இருந்த காத்து மொத்தமும் போச்சு, சோப்புக்கட்டிக்கு உள்ள இருந்த காத்து மட்டும் அழகா மெஷ் ஆகி நின்னுச்சு. அதுல என்ன சோகம்னா, மெஷ் தரத்தைச் சோதிக்கிற கட்டளை "எல்லாம் சரி"ன்னு சர்டிஃபிகேட்டும் குடுத்துடுச்சு. செல் நல்ல செல்லான்னு மட்டும்தான் அது பாக்கும். காத்து காருக்கு வெளியில இருக்கணுமேங்கிறது அதோட கவலை இல்ல.

மூணாவதுதான் பெரிய தப்பு. மத்த ரெண்டும் கவனக்குறைவு, இது புத்திக்குறைவு.

மூக்கை ரிஃபைன் பண்ணேன்.

ஏன்னா மூக்கு வளைவா இருந்துச்சு. பெரிய செல்லு வெச்சா வளைவு படிக்கட்டு மாதிரி தெரிஞ்சுச்சு. கண்ணுக்குப் பொறுக்கல. லெவல் 5, லெவல் 6-ன்னு ஏத்திட்டே போனேன். படம் எடுத்துப் பாத்தா மூக்கு வெண்ணெய் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. பின்னாடி தட்டையான பரப்பு, நேர்க்கோடு, பெரிய செல்லே போதும்னு விட்டுட்டேன்.

ஆனா காத்து மூக்குல தகராறு பண்றதில்ல. வழிஞ்சு போயிடும். தகராறு பூரா பின்னாடிதான். இந்த மாடலோட டிராக்ல பெரும்பங்கு பின்பக்கத்து அழுத்தக் குறைவால வர்றதுன்னு 1984 ஆய்வே சொல்லுது. அந்தச் சரிவோட மேல்விளிம்புல காத்து பிரியுற இடம், ரெண்டு ஓரத்து முறுக்கு, பின்னாடி சுருண்டு கிடக்கிற மந்தமான காத்து (இதை வேக்னு சொல்வோம்), அங்கதான் கண்ணி பொடிசா இருக்கணும். நான் மீன் வராத கையில பொடிக் கண்ணி போட்டுட்டு, மடியை ஓட்டையா விட்டிருக்கேன்.

உருவம் எங்க வளையுதுன்னு பாத்து வெட்டினேன். காத்து எங்க வளையுதுன்னு பாத்து வெட்டியிருக்கணும்.

திருத்தினேன். பின்பக்கம் ஒரு ரிஃபைன்மெண்ட் பெட்டி போட்டேன். அதுலயும் கஞ்சத்தனம். காருக்குப் பின்னாடி 10 செ.மீ. போதும்னு நிறுத்திட்டேன். ரிசல்ட் வந்துச்சு. வேகம் எவ்வளவு சடார்னு மாறுதுங்கிறதைக் கலர் படமாப் போட்டுப் பாத்தா, காருக்குப் பின்னாடி ஒரு செங்குத்துக் கோடு. சுத்தமான, நேர்க்கோடு.

முதல்ல ஏதோ கண்டுபிடிச்சிட்டேன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். (ஒரு அஞ்சு நிமிஷம். பொய் சொல்ல மாட்டேன்.) அப்புறம்தான் உறைச்சுது. காத்துக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போடத் தெரியாது. அது என் பெட்டியோட விளிம்பு.

நடந்தது இதுதான். பெட்டி முடியுற இடத்துல ஒரு பெரிய செல்லோட ஒரு முகம், நாலு சின்னச் செல்லோட நாலு முகத்தை ஒட்டி நிக்குது. மையமும் மையமும் நேரா நேர் பாக்காது, சாஞ்சு நிக்கும். அந்த இடத்துல கணக்கோட துல்லியம் குறையும். ஒண்ணும் நடக்காத காத்துல அந்தக் குறை தெரியாது. சுழலோட நடு வயித்துல அந்தத் தையல் விழுந்தா அசிங்கமாத் தெரியும். சட்டைக்குத் தையல் போடுற டெய்லருக்குத் தெரியும், தையலை எங்க மறைக்கணும்னு. எனக்கு அது தெரிய நாலு நாளாச்சு.

கடைசியா நின்ன கணக்கு இது. சரிவு தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடியிருந்து காருக்குப் பின்னாடி 60 செ.மீ. வரை ஒரு பெட்டி. 85 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரம். உள்ள 6.25 மி.மீ. செல். காரோட உடம்பு அடைச்ச இடத்தைக் கழிச்சா சுமார் 6 லட்சம். காரையே சுத்தி 3 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு பெட்டி, அதுல 12.5 மி.மீ. செல். அது 8 லட்சம் சொச்சம். ஒரு லெவல்லருந்து அடுத்த லெவலுக்கு ஒரே தாவா தாவாம, நடுவுல மூணு நாலு செல்லு இடைவெளி. மிச்சம் சில்லறை. எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பத்தொம்பது லட்சம். 12 கோடிக்கு இது 65-ல ஒரு பங்குதான். (அவ்ளோதான் சார். அவ்ளோதான்.)

அந்தச் சில்லறையில ஒரு பரோட்டா இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

காரோட தோலை ஒட்டின காத்து நின்னு போயிருக்கும். தோலைவிட்டு விலக விலக சடசடன்னு வேகம் ஏறும். மணிக்கு 144 கி.மீ. வேகக் காத்துக்கு (வினாடிக்கு 40 மீட்டர்), சுவர்ச் சூத்திரம்னு ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்தினாலும், தோலை ஒட்டின முதல் செல் அரை மி.மீ. தடிமன்கிட்ட இருந்தாத்தான் நல்லது. இதை வழக்கமான எட்டா வெட்டுற முறையில பண்ணினா, காரோட மேல்பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர், அதுல 0.4 மி.மீ. கனசதுரத்தை ஒட்டிட்டே போனா, ஒரே ஒரு அடுக்குக்கு மட்டும் ஒரு கோடிக்கு மேல செல்லு.

ஆனா வேகம் மாறுறது தோலைவிட்டு விலகுற திசையில மட்டும்தானே? தோலோட நீளவாக்குல பெருசா மாறலியே? அப்போ எதுக்கு மூணு பக்கமும் வெட்டணும்? தடிமனை மட்டும் குறைச்சு, நீள அகலத்தை 6.25 மி.மீ.லயே விட்டா, ஒரு அடுக்குக்கு 42 ஆயிரம் செல்லோட முடிஞ்சிடும். கோடி எங்க, 42 ஆயிரம் எங்க! தட்டையா, அடுக்கடுக்கா, வெளிய போகப் போக 1.3 மடங்கு தடிச்சுட்டே. அதான் பரோட்டா. அஞ்சு அடுக்கு போட்டேன். குச்சிக் கால் காரோட சேர்ற மூலையில மட்டும் பரோட்டா பிஞ்சு போச்சு. அங்க எனக்கு இன்னும் கைவரல.

அப்புறம் நேரக்கணக்கு. சுழல் எப்படி ஆடுதுன்னு வினாடிக்கு வினாடி பாக்கணும்னு ஒரு ஆசை வந்துச்சு. அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. 1928-லேயே கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவின்னு மூணு கணித மேதைகள் எழுதி வெச்சது. அப்போ கம்ப்யூட்டரே கிடையாது. சுருக்கமாச் சொன்னா, ஒரு நேரத்துண்டுக்குள்ள காத்து ஒரு செல்லுக்கு மேல தாவக் கூடாது. 40 மீட்டர் வேகம், 6.25 மி.மீ. செல்லுன்னா ஒரு வினாடியை 6,400 துண்டாப் போடணும். சரி, பொறுத்துக்கலாம்.

ஓட்டினா நகரவே மாட்டேங்குது. தேடிப் பாத்தா, அந்தக் கால் மூலையில அரை மி.மீ.க்கு ஒரு சில்லுச் செல். அந்த ஒத்தச் செல்லுக்காக மொத்த மெஷ்ஷும் வினாடிக்கு 80,000 துண்டு நடக்குது. ஒருத்தர் தலை சீவி முடிக்கிற வரைக்கும் மொத்தக் குடும்பமும் வாசல்ல செருப்பு மாட்டிட்டு நிக்குமே, அதே கதை. (பரோட்டா அடுக்கு மெல்லிசுதான், ஆனா காத்து அதோட நீளவாக்குலதான் போகும், குறுக்க இல்ல. அதனால அது இவ்வளவு படுத்தாது.) ரிஃபைன்மெண்ட்ல ஒரு மூலையில பண்ற தப்புக்கு ஊரே வரி கட்டணும்.

"இவ்வளவு எதுக்குக் கஷ்டம், கம்ப்யூட்டரே எங்க வேணுமோ அங்க வெட்டிக்காதா?"ன்னு நீங்க கேக்கலாம். வெட்டிக்கும். மார்ஷா பெர்கரும் ஜோசஃப் ஒலிகரும் அதுக்கான வழியை எழுதினாங்க. அதுவும் 1984-லதான், அஹ்மத் பாடி வந்த அதே வருஷம். கணக்கு ஓட ஓட, தப்பு எங்க அதிகம்னு மதிப்பிட்டு அங்க மட்டும் பொடிசா வெட்டும், வேலை முடிஞ்சா மறுபடி பெருசாக்கும். அதிர்ச்சி அலை நகர்ந்து போகும்போது, அணை உடைஞ்சு தண்ணி பாயும்போது, அலையோடவே பொடிச் செல்லும் சேர்ந்து ஓடும். பாக்கவே அழகு.

என் காருக்கு அதையும் ஆசைக்கு ஓட்டினேன். ஆரம்ப மெஷ் பெருசா இருந்ததால ஓரத்து முறுக்குச் சுழல் அதுல உருவாகவே இல்ல. உருவாகாத சுழலுக்கு அது எப்படிச் செல்லு ஒதுக்கும்? "அங்க ஒண்ணும் இல்லையே"ன்னு வேற இடத்தை வெட்டிட்டு இருந்துச்சு. ஆரம்பத்துல கொஞ்சமாவது மடியை நாமதான் பின்னிக் குடுக்கணும்.

இனி கிளைமாக்ஸ்.

மெஷ் போதுமான்னு எப்படித் தெரியும்? ஒரே ஒரு மெஷ்ல ஓட்டினா தெரியாது. அது ஒரு கோடியா இருந்தாலும் சரி. குறைஞ்சது மூணு மெஷ் வேணும். பெட்டியெல்லாம் அதே இடத்துல, அடிப்படைச் செல்லை மட்டும் 130, 100, 75 மி.மீ.னு மாத்தி மூணு தடவை ஓட்டணும். விடை எப்படி நகருதுன்னு பாக்கணும். செல்லை இன்னும் பொடிசாக்கினா விடை எங்க போய் நிக்கும்னு அந்த நகர்வை வெச்சு ஊகிக்கிற வித்தையை லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1911-லேயே குடுத்துட்டார். (இவரேதான் முதல் உலகப்போர் சமயத்துல ஐரோப்பாவைக் கட்டம் போட்டுப் பிரிச்சு, கையாலேயே வானிலைக் கணக்குப் போட்டவர். ஆறு மணி நேரத்துல 145 மில்லிபார் அழுத்தம் மாறும்னு வந்துச்சு. படு தப்பு. அந்தத் தப்பு விடையையும் மறைக்காம 1922-ல புத்தகத்துல போட்டார். மனுஷன்!) 1994-ல பாட்ரிக் ரோச் அதை எங்க துறைக்கு ஒரு ஒழுங்கான மதிப்பீடா ஆக்கிக் குடுத்தார்.

நானும் மூணு மெஷ் ஓட்டினேன். விடை அழகா ஒரு இடத்துல வந்து நின்னுச்சு. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வித்தியாசம் சொற்பம். மெஷ் பாஸ்.

விடை தப்பு.

25 டிகிரி சரிவுல, சோதனையில மேல்விளிம்புல லேசாப் பிரியுற காத்து திரும்பி வந்து சரிவுல ஒட்டும். என் படத்துல பிரிஞ்சது பிரிஞ்சதுதான், திரும்பி வரல. மெஷ் பத்தலன்னு நினைச்சு சரிவுல மட்டும் இன்னொரு லெவல் ஏத்தினேன். வரல. இன்னொண்ணு. ம்ஹூம்.

அப்புறம்தான் படிச்சேன். கொந்தளிப்பை நேரடியாக் கணக்குப் போடாம, சராசரியா மதிப்பிட்டு விடுற மாடல் (நான் போட்டது கே-ஒமேகா எஸ்எஸ்டி) இந்த 25 டிகிரியில வழுக்கி விழுறது ஊரறிஞ்ச கதை. 35 டிகிரியில காத்து முழுசாப் பிரிஞ்சிடுறதால அதே மாடல் ஓரளவு நல்லாவே வரும். நான் மூணு வாரம் மெஷ்ஷைத் திட்டினேன். தப்பு மெஷ்ல இல்ல. நான் கேட்ட கேள்விக்கு மெஷ் சரியாத்தான் பதில் சொல்லிட்டு இருந்துச்சு, கேள்வியே தப்பு.

மெஷ்ஷைப் பொடிசாக்கினா நீங்க எழுதின சமன்பாட்டோட விடைக்குக் கிட்ட போவீங்க. காத்தோட விடைக்குக் கிட்ட போவீங்கங்கிறதுக்கு அது உத்தரவாதம் இல்ல. இந்த உண்மையை அந்த மீட்டிங்ல நாலாவது ஸ்லைடுல போட்டிருந்தேன். "அவ்ளோதானா?"க்கு அப்புறம் யாரும் நாலாவது ஸ்லைடு வரைக்கும் வரல.

அதே மாடலை 12 கோடி செல்லுல ஓட்டி அந்தப் பெரியவர்கிட்ட காட்டியிருந்தா, "சூப்பர்"னு சொல்லியிருப்பார். அதுவும் தப்பாத்தான் இருந்திருக்கும். கரண்ட் பில் மட்டும் கூட.

உங்ககிட்ட யாராவது இப்படிக் கலர் படம் காட்டினா, மூணே மூணு கேள்வி கேளுங்க. பொடிச் செல்லை எங்க வெச்சீங்க? எத்தனை மெஷ்ல ஓட்டினீங்க? எந்தச் சோதனையோட ஒப்பிட்டீங்க? இதுக்குப் பதில் இருந்தா, செல் பத்தொம்பது லட்சமா இருந்தாலும் உக்காந்து கேளுங்க.

நான் 35 டிகிரிக்கு மாத்தி ஓட விட்டிருக்கேன். இதை எழுதும்போதே ஃபேன் கத்திட்டு இருக்கு. மெஷ் இந்தத் தடவை பதினேழு லட்சம்.